பழைய கணினிக்குப் புதிய திரை: எந்த போர்டு போதும், எது மிகை?

1984ஆம் ஆண்டு மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ. முதல் கட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அதை இங்கேயே தயாரித்தது. 32 கிலோபைட் நினைவகம், எட்டு நிறங்கள், காட்டுவதற்கு ஒரு டிவி அல்லது மானிட்டர். நம் நாட்டில் ஒரு தலைமுறை மாணவர்கள் தொட்ட முதல் விசைப்பலகை அதுதான்.

இன்று அப்படியொரு கணினி எங்காவது பரணிலிருந்து இறங்கினால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. காட்டத்தான் திரை இல்லை. பிபிசி மைக்ரோ விநாடிக்கு 15,625 கோடுகள் வீதம் படத்தை எழுதுகிறது. அந்தக் காலத்து பிக்சர் டியூப் டிவிக்கு இது பொருந்திய வேகம். கணினி மானிட்டர்களோ வி.ஜி.ஏ. காலத்திலிருந்தே அதைப்போல் இருமடங்கு வேகத்தை எதிர்பார்ப்பவை. அதனால் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். எல்.சி.டி. டிவியின் ஏ.வி. துளையில் செருகினால் படம் வரும். ஆனால் அந்த டிவி இதை ஒளிபரப்புப் படம் என்று எடுத்துக்கொண்டு கோடுகளைப் பின்னிக் கலக்கும். எழுத்துகளின் ஓரம் கரையும், விசையை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையில் தாமதம் தெரியும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய போர்டுகள் வந்தன. அவற்றின் நடுவில் இருப்பது உள்ளிணைப்பை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய லாஜிக் சில்லு. சிறியதாக இருந்தால் சி.பி.எல்.டி., பெரியதாக இருந்தால் எஃப்.பி.ஜி.ஏ. என்பார்கள். பழைய கணினிகளைப் பேணுவோர் உலகம் முழுவதும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்துவது சரியா என்பதில் எனக்குக் கேள்வி இல்லை. எங்கே, எந்த அளவுக்கு என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

பிபிசி மைக்ரோவுக்கென்றே பிறந்த ‘ஆர்.ஜி.பி.-டு-எச்.டி.எம்.ஐ.’ போர்டை முதலில் பார்ப்போம். டேவிட் பேங்க்ஸ் தொடங்கி, இன்னும் சிலர் சேர்ந்து வளர்த்த திறந்த மூலத் திட்டம் இது. பிபிசி மைக்ரோவின் பின்புறம் ஆறு முனை ஆர்.ஜி.பி. துளை ஒன்று உண்டு. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டே நிலைகளில் வெளிவருகின்றன. எட்டு நிறங்களின் கணக்கு அவ்வளவுதான். போர்டில் உள்ள எக்ஸ்.சி.9572எக்ஸ்.எல். என்ற சிறு சில்லு இந்த 5 வோல்ட் சிக்னலை அளந்து, ஒட்டியிருக்கும் ராஸ்பெர்ரி பை ஜீரோவுக்குத் தருகிறது. அது படத்தைச் சேர்த்து எச்.டி.எம்.ஐ. வழியாக அனுப்புகிறது.

சொல்லச் சுருக்கமாக இருந்தாலும் நுட்பம் அளக்கும் கணத்தில் இருக்கிறது. 80 எழுத்து காட்டும் மோடில் ஒரு புள்ளியின் ஆயுள் 62.5 நானோசெகண்ட். அதன் நடுப்பகுதியில் அளந்தால் தெளிவு. ஓரத்தில் அளந்தால் பக்கத்துப் புள்ளியின் நிறம் கலந்து திரை மினுமினுக்கும். நிட்டிங் மிஷினில் ஊசி எழுந்து நிற்கும் கணத்தில் நூல் கொக்கியில் விழாவிட்டால் துணியில் ஓட்டை விழுவது போலத்தான் இதுவும். டெலிடெக்ஸ்ட் பாணியிலான மோடு 7க்குப் புள்ளி வேகமே வேறு. அங்கே போர்டு அளக்கும் வேகத்தைத் தானாக மாற்றிக்கொள்ள வேண்டும். கணினி விநாடிக்கு 50 படம் அனுப்ப, மானிட்டர் 60 படம் காட்டினால் ஒவ்வொரு ஐந்து படத்திலும் ஒன்று இருமுறை வந்து, ஓடும் காட்சி தட்டித் தட்டிப் போகும். இந்த போர்டு எச்.டி.எம்.ஐ. வேகத்தையே கணினியின் வேகத்துக்கு நுணுக்கமாக இழுத்துப் பொருத்துகிறது. மானிட்டர் 50ஐ ஏற்றால் போதும்.

இதன் பெரிய நன்மையாக நான் கருதுவது வேறு. இந்த போர்டு கணினியைப் பற்றி எதையும் தீர்மானிப்பதில்லை. வெளியே வருவதை அளந்து காட்டுகிறது, அவ்வளவே. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய ‘எலைட்’ விளையாட்டு, திரையின் மேல்பகுதியை ஒரு மோடிலும் கீழ்ப்பகுதியை இன்னொரு மோடிலும் காட்டியது. ஒரே படத்தின் நடுவில் வன்பொருளை மாற்றிவிடும் தந்திரம் அது. வெளியே நிற்கும் போர்டுக்கு இந்தத் தந்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினி எதை அனுப்பினாலும் அது வந்து சேரும். பிடிக்கவில்லையென்றால் வயரைக் கழற்றிவிடலாம். கணினியில் ஒரு கீறல்கூட விழாது.

அடுத்த வகை, உள்ளே புகுவது. பழைய வீடியோ சில்லைக் கழற்றி அதே சாக்கெட்டில் எஃப்.பி.ஜி.ஏ. போர்டைச் செருகுவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ்.9918ஏ சில்லுக்குப் பதிலாக மேத்யூ ஹேகர்ட்டி உருவாக்கிய எஃப்18ஏ, கொமடோர் 64இன் விக்-2 சில்லுக்குப் பதிலாக ராண்டி ராசி உருவாக்கிய கவாரி ஆகியவை இதில் பேர்பெற்றவை. இவற்றுக்கும் நியாயம் உண்டு. அந்தப் பழைய சில்லுகள் சூடேறுபவை, நாளாக நாளாகப் போய்விடுபவை. புதிதாகச் செய்ய ஆளில்லை. செத்த கணினியை எழுப்ப வேறு வழி இல்லாதபோது இது மருத்துவம்.

ஆனால் நன்றாக வேலை செய்யும் சில்லைக் கழற்றிவிட்டு, படம் தெளிவாக வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் செருகுவது எனக்கு ஒப்புதல் இல்லாத வழக்கம். அதன்பின் திரையில் தெரிவது அந்தக் கணினியின் படம் ஆகாது. அதன் சில்லை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ அந்தப் புரிதலின் படம். அவர் எவ்வளவு திறமைசாலியானாலும், மூலச் சில்லின் ஒவ்வொரு விசித்திரத்தையும் தேடித் தேடி மறுபடி எழுதியாக வேண்டும். டி.எம்.எஸ்.9918ஏ ஒரு கோட்டில் நான்கு நகரும் உருவங்களை, அதாவது ஸ்பிரைட்டுகளை, மட்டுமே காட்டும். அந்த வரம்பைக் கொண்டே உருவங்களை மறைத்த விளையாட்டுகளும் உண்டு. எஃப்18ஏ அந்த வரம்பை வைத்துக்கொள்ளவும் நீக்கவும் ஜம்பர் கொடுத்தது நேர்மையான வடிவமைப்பு. கவாரி 80 எழுத்து மோடு போன்ற புதிய வசதிகளையும் சேர்க்கிறது. அதற்கென எழுதப்படும் நிரல் 1982இல் வந்த எந்தக் கொமடோர் 64இலும் ஓடாது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு அதைப் பேணுதல் என்று சொல்லக்கூடாது; பழைய பெட்டிக்குள் ஒரு புதிய கணினி என்றே சொல்ல வேண்டும்.

தெளிவு எப்போதும் உண்மைக்கு நெருக்கம் என்பதும் சரியல்ல. ஆப்பிள் 2 கணினியின் நிறங்கள் அமெரிக்க டிவி முறையின் குழப்பத்திலிருந்தே பிறந்தவை. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்தால் டிவி அதை நிறமாகப் படிக்கும் என்பதை அறிந்தே படம் வரைந்தார்கள். புள்ளிகளை மட்டும் சுத்தமாக அளந்து தரும் போர்டு அந்த நிறங்களைத் தொலைத்துவிடும். தனியாகக் கணக்கிட்டுத்தான் மீட்க வேண்டும். டியூபில் ஓடும் கதிரைக் கண்டு இடத்தை அறியும் லைட் பென், எல்.சி.டி. முன்னால் உதவாது. இத்தகைய இழப்புகளைப் பற்றி போர்டு விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. 2006 முதல் மாநில அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல கலர் டிவிகளை இலவசமாக வழங்கியது. எல்லாம் டியூப் டிவிகள், ஏ.வி. துளை உள்ளவை. இன்றும் கிராமத்து வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. விளையாட்டையோ வரைகலையையோ அந்தக் காலத்தில் தெரிந்தபடியே பார்க்க அதைவிட மலிவான கருவி இல்லை. 80 எழுத்து மோடில் நிரல் எழுத மட்டும் அது உதவாது. அங்கே ஆர்.ஜி.பி. போர்டுதான் வெல்கிறது.

திருப்பூர்–தாராபுரம் சாலையும் பல்லடம்–காங்கயம் சாலையும் சந்திக்கும் எங்கள் அவிநாசிபாளையத்தில் யாரிடம் பேசினாலும் இந்த வேலை புதிதாகத் தோன்றாது. பனியன் தொழிலில் இதன் உறவுக்காரர்கள் நெடுநாளாக இருக்கிறார்கள். பழைய எம்பிராய்டரி மிஷின்களும் காலர் பின்னும் ஃப்ளாட் நிட்டிங் மிஷின்களும் டிசைனை ஃபிளாப்பியில் வாங்கியவை. டிரைவ் பழுதானால் அதே இடத்தில் பென்டிரைவ் செருகும் எமுலேட்டரை மெக்கானிக் மாட்டிவிடுவார். இத்தகைய மிஷின்களுக்காக விற்கப்பட்ட சீனத்துக் கோடெக் எமுலேட்டரைத்தான் அமிகா, அடாரி ஆர்வலர்கள் வாங்கி, ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற திறந்த மென்பொருளை ஏற்றித் தங்கள் கணினிகளுக்குப் பயன்படுத்தினார்கள். கன்ட்ரோல் பேனலின் டியூப் மங்கினால் அதை எல்.சி.டி.யாக்க ஜி.பி.எஸ்.8200 போன்ற மாற்று போர்டுகளும் கிடைக்கின்றன.

ஜாப் ஒர்க் கூடத்துக்கு அந்த மலிவு போர்டு போதும். எண் வாசிக்க முடிந்தால் நைட் ஷிப்ட் ஓடும். ஓரம் கொஞ்சம் கரைந்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. பள்ளியிலோ காட்சியகத்திலோ வைக்கும் கணினிக்கு அந்த அளவுகோல் செல்லாது. அங்கே படம்தான் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதால்தான் ‘எதற்கு இவ்வளவு செலவு’ என்ற கேள்வியும், ‘எதையும் தொடாதே’ என்ற பிடிவாதமும் எழுகின்றன.

இந்த வழக்கத்தின் ஆழமான குறை போர்டின் ஆயுள். பிபிசி மைக்ரோவின் சில்லுகள் நாற்பது ஆண்டு தாண்டியும் ஓடுகின்றன. அவற்றுக்கு உதவ வந்த புதிய சில்லுகளோ அதற்குள் ஓய்வு பெறுகின்றன. இந்தச் சில்லுகளைச் செய்த சைலிங்க்ஸ் நிறுவனத்தை 2022இல் வாங்கிய ஏ.எம்.டி., எக்ஸ்.சி.9500எக்ஸ்.எல். வரிசையையும் ஸ்பார்டன்-3இ வரிசையையும் நிறுத்துவதாக 2024இல் அறிவித்தது. முதலாவது ஆர்.ஜி.பி. போர்டின் உயிர், இரண்டாவது எஃப்18ஏவின் உயிர். ஆர்.ஜி.பி. போர்டின் சிறு சில்லு 5 வோல்ட்டை நேரடியாகத் தாங்கும்; இன்றைய சில்லுகளில் பல தாங்காது, இடையில் மின்னழுத்தம் மாற்றும் சில்லு வேண்டும். இருப்பு தீர்ந்ததும் யாராவது வேறு சில்லுக்கு வடிவமைப்பை மாற்றி எழுத வேண்டும். மூல நிரலும் சர்க்யூட் படமும் வெளியிடப்பட்டிருந்தால் அது நடக்கும். பூட்டி வைத்திருந்தால், செய்தவர் கைவிட்ட நாளே போர்டும் முடிந்தது. எனவே போர்டு வாங்கும் முன் நான் முதலில் பார்ப்பது படத்தின் தெளிவை அல்ல, வடிவமைப்பு வெளியில் இருக்கிறதா என்பதை.

இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் வெரிலாக் மொழியும் எஃப்.பி.ஜி.ஏ. பயிற்சியும் பாடத்தில் உண்டு. கூட்டல் சுற்றும் டிராபிக் விளக்கும் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். 15,625 கோடு வேகத்தில் வரும் உண்மையான சிக்னலைப் பிடித்து, புள்ளியின் நடுவில் அளந்து, எச்.டி.எம்.ஐ. ஆக்கித் தருவது இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஏற்ற கனமுள்ள வேலை. அதே திறன் நாளை காலர் மிஷினின் மங்கிய பேனலுக்கும் உதவும்.

என் முடிவு இது: சில்லு உயிரோடு இருந்தால் வெளியே நிற்கும் திறந்த வடிவமைப்பு போர்டு, சில்லு செத்திருந்தால் மட்டும் மாற்றுச் சில்லு, கழற்றியதைப் பத்திரமாக எடுத்து வைத்து, வாய்ப்பிருந்தால் பக்கத்தில் ஒரு டியூப் டிவி. உங்கள் பள்ளியின் ஸ்டோர் ரூமில் பிபிசி மைக்ரோவோ யூனிகார்னோ இருந்தால், எடைக்குப் போடாதீர்கள், உடனே பிளக்கிலும் செருகாதீர்கள். அதன் பவர் சப்ளையில் உள்ள பழைய ஃபில்டர் கெபாசிட்டர்கள் மின்சாரம் பட்டதும் வெடித்துப் புகை கக்கும் என்பது தெரிந்த சங்கதி. முதலில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றுங்கள். போர்டு வாங்குவது அதற்கு அப்புறம்.