நாடகமும் அரங்கியலும்: வினாத்தாளில் அடங்காத ஒரு பாடம்

இலங்கையின் தமிழ்மொழிப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தனிப்பாடமாகப் பயிலப்பட்டு வருகிறது. நம் நாட்டில், எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தில் கவிதை, நாவல் ஆகியவற்றுடன் நாடகமும் ஒரு நூலாகவே வாசிக்கப்படுகிறது. கருப்பொருள், பாத்திரப்படைப்பு, மொழிநடை என நாவலுக்குரிய வினாக்களையே நாடகத்திற்கும் கேட்டுப் பழகிய நமக்கு, அப்பாடப் பெயரிலுள்ள ‘உம்’ என்னும் இடைச்சொல் சிந்தனைக்குரியது. எழுதப்பட்டது ஒன்று, நிகழ்த்தப்படுவது மற்றொன்று, இரண்டும் கற்றற்குரியன என்கிறது அப்பெயர். வகுப்பறை அதனை ஏற்றுக்கொண்டதா என்பதே நம் வினா.

இப்பாடத்தின் பின்னணியில் அரங்கச் செயற்பாடே நிற்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1965இல் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, சுருக்கம் பெற்றுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களின் ஆய்வாளரானார். ஆடியவரே ஆராய்ந்தார் என்பது இங்கு முதன்மையானது. 2025இல் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கம் ஓர் ஆசிரியர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். பள்ளி மாணவர்களுக்கெனப் பல நாடகங்களை எழுதியவர். அவர்தம் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் ஊர் ஊராக ஆடப்பட்டது.

இத்தகைய மரபிலிருந்து வந்த பாடம் தேர்வுக் குறிப்பேடுகளாகச் சுருங்குவதைக் காணும்போது வருத்தமே மேலிடுகிறது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு மாணவர் பிழையின்றி எழுதக்கூடும். மத்தளத்தின் ஒரு தாளக்கட்டுக்கேனும் அவர் கால் பெயர்ந்திருக்காது. களரியில் முதிர்ந்த அண்ணாவியாரோ அவ்வினாவைக் கண்டு திகைக்கக்கூடும். இருவருள் கூத்தை அறிந்தவர் யார்? ஆசிரியர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. உயர்தரப் பெறுபேறே பல்கலைக்கழக நுழைவைத் தீர்மானிக்கும் சூழலில், எழுதித் தேறத்தக்கதே கற்பிக்கப்படும்.

சாதாரண தரத்தில் செய்முறைத் தேர்வு உண்டு என்பது ஆறுதல். பெருந்தொற்றுக் காலத்தில் அதன் இன்றியமையாமை எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. 2021 செப்டம்பரில் வெளிவந்த 2020ஆம் ஆண்டுப் பெறுபேறுகளில், செய்முறைத் தேர்வு நடத்த இயலாமற் போனதால், அழகியற் பாடங்கள் இடம்பெறவில்லை. எழுத்துத் தேர்வு முடிந்திருந்தும் அதனை மட்டும் கொண்டு அப்போது முடிவு கூறப்படவில்லை. மாணவர்க்கு அது பெருந்துன்பமே. ஆயினும் பாடத்தின் இயல்பை அந்த வெற்றிடம் எந்தப் பாடத்திட்ட முன்னுரையையும்விடத் தெளிவாக உணர்த்தியது எனலாம்.

இனி, செய்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாடகம் கூட்டுக்கலை, தேர்வோ ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி மதிப்பிடுவது. சக நடிகரின் உரையாடலுக்குச் செவிசாய்த்து நிற்பவருக்கும், திரைக்குப் பின்னிருந்து ஒளியமைப்பவருக்கும், பிற்பாட்டுப் பாடுபவருக்கும் எவ்வாறு புள்ளி வழங்குவது? பல வாரப் பயிற்சியை ஆசிரியர் உடனிருந்து கண்டு மதிப்பிடுவதே பொருத்தம் என்பது நம் கருத்து. ஆசிரியரின் சார்புநிலை குறித்து ஐயம் எழும் என்பதை அறிவோம். அவ்வையத்திற்கு அஞ்சிக் கூட்டுழைப்பையே மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சுவது நாடகத்தைப் பற்றிய வரலாற்றுப் பாடம் மட்டுமே.

இலங்கையை நோக்கி இவற்றைக் கூறும் தகுதி நமக்கு உண்டா என ஒருவர் வினவலாம். நியாயமான வினாதான். மேசைகளை ஓரமாக ஒதுக்கி ஒரு காட்சியையேனும் மாணவர் எழுந்து நடிக்கச் செய்யாமல், நாடக நூலை முதல் பக்கத்திலிருந்து இறுதிவரை வாசித்து முடித்த வகுப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வாறு நடத்தியும் இருக்கிறோம்.