குவிமாடமா, எழுத்தா?

நம்ம ஊர்ப் பாளையத்தில் ஜும்மா பள்ளிவாசல், கணபதி கோயில், புனித ஜோசப் தேவாலயம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1967இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்த இன்றைய பள்ளிவாசலை எதனால் அடையாளம் காண்கிறோம்? ‘குவிமாடமும் மினாராவும் இருக்கே’ என்பார்கள். என் கட்சி வேறு. இஸ்லாமியக் கட்டடக்கலைக்கு உயிர் எழுத்து.

மலையாளக் கரையின் பழம்பள்ளிகளுக்குக் குவிமாடம் கிடையாது. 1510இல் போர்த்துக்கீசியர் வைத்த தீயில் சேதப்பட்டு மீண்ட கோழிக்கோடு மிஸ்கால் பள்ளியைப் பாருங்கள். அடுக்கடுக்கான ஓட்டுக்கூரையும் மரவேலையும்தான். அங்கேயே முச்சுந்திப் பள்ளியில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. சாமூதிரியின் கொடையை அரபியும் வட்டெழுத்து மலையாளமும் ஒரே கல்லில் சொல்கின்றன. கூரை நம் மண்ணுடையது. எழுத்துதான் தன் மரபைச் சொல்கிறது.

நான் சமணன். எங்கள் சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து இருக்கிறது. செய்வித்தவர் பெயரைச் சொல்லும். அங்கே உருவம் முதல், எழுத்து துணை. பள்ளிவாசலில் உருவம் இல்லை. அந்த ஆசனத்தில் எழுத்து அமர்கிறது. ஆகவே அதன் இடத்தைக் கட்டடம் எழும்போதே தீர்மானிக்க வேண்டாமா?

பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஈரானில் செங்கல்லை அடுக்கியே எழுத்தாக்கினார்கள். செங்கல்லுக்கு வளைவு வராது, எழுத்தும் சதுரமாயிற்று. அதுவே சதுரக் கூஃபி. தாஜ்மகாலில் அமானத் கான், மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கினார்; கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும்.

சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் செய்பவன் நான். விற்றபின் பேர் வெட்டுவோம். மீந்த இடத்தில் பேர் அடங்க வேண்டியதுதான். இப்போதைய பல பள்ளிகளில் எழுத்தின் கதியும் இதுவே. கட்டி முடித்தபின் பலகையாக வந்து சுவரில் ஏறுகிறது. கேரளத்தில் பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிகள் பலவற்றை இடித்துக் கான்கிரீட் குவிமாடம் எழுப்பியபோது, கூரையோடு தச்சனின் செதுக்குவேலையும் போயிற்று. தூரத்திலிருந்து தெரியும் அடையாளம் கிடைத்தது. கிட்ட நின்று படிக்க வேண்டியது குறைந்தது.

‘பள்ளி’ என்பதே சமணத் துறவியர் படுக்கைக்கு வழங்கிய பழஞ்சொல். மலையாளத்தில் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் அதுவே பெயர். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளைக் கோழிக்கோட்டுக்குக் கூட்டிப் போகும்போது முச்சுந்திக் கல்லைக் காட்டுங்கள். எந்தப் பள்ளிவாசலைப் பார்த்தாலும், எழுத்து சுவரோடு பிறந்ததா, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா என்று கேட்கச் சொல்லுங்கள்.