தணிக்கையாளர் விட்டுவைத்த பிரான்ஸ்

பிரான்ஸ் போய்வந்த நம்ம ஆட்கள் எழுதுவதை நிறைய வாசித்திருக்கிறேன். ஐஃபில் கோபுரம், லூவர், மோனலிசா முன்னாடி கூட்டம், கடைசியில் லா சப்பலில் சாப்பிட்ட தோசை. கிராமத்தில் தங்கியவர்கள் குறைவு. தங்கினாலும் அறை வாடகையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும்தான் கட்டுரையில் வரும். அந்த ஊர் வீடுகளுக்குள் இருந்து எழுதிய இந்தியர்களைத் தேடினால், டேவிட் ஓமிசி தொகுத்து 1999-இல் வெளிவந்த 'இந்தியன் வாய்சஸ் ஆஃப் தி கிரேட் வார்' தொகுப்புக்குத்தான் வரவேண்டியிருக்கு. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் கடிதங்கள், 600-க்கு மேல்.

1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய படை இது. காலாட்படை 1915 முடிவில் மெசபடோமியாவுக்குப் போய்விட்டது. குதிரைப்படை 1918 வரை இருந்தது. போர்முனைக்குப் பின்னால் வடக்கு பிரான்சின் பண்ணை வீடுகளில் தங்கினார்கள். பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அதனால் அவர்கள் கண்ணுக்குக் கோபுரம் படவில்லை, வயலும் மாடும் பட்டது. ஆண்கள் போருக்குப் போனபின் ஏரையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்த பெண்கள் பட்டார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று இங்கிருந்து ஊருக்கு எழுதியவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தது ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய் 1916 ஜனவரியில் எழுதியது. தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு மூன்று மகன்கள்: ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் காயம்பட்டிருக்கிறான், ஒருவன் பதுங்குகுழியில். அந்தம்மா இவனுக்குத் துணி துவைக்கிறார், படுக்கை விரிக்கிறார், பூட்ஸைத் துடைத்து வைக்கிறார். கிளம்பும்போது அழுகிறார். வழிச்செலவுக்கு ஐந்து பிராங்க் நோட்டைக் கையில் திணிக்கிறார். நம்மூரில் வெளியூருக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஆயா செய்வது இதுதானே!

ஆனா இதை அப்படியே நம்பலாமா? எங்க வேலையில் லாக் ஃபைலைப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: எதைப் பதியணும்னு எழுதினவர் நினைத்தாரோ, அதுதான் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் சொல்ல, இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஹவல் என்ற அதிகாரியின் தலைமையில் இயங்கிய தணிக்கை அலுவலகம் அதைப் பிரித்துப் படித்து, வேண்டிய பகுதியை மட்டும் ஆங்கிலமாக்கி அறிக்கையில் சேர்த்தது. அதிகாரி படிப்பார்னு சிப்பாய்க்கும் தெரியும். அதனால்தான் கறுப்பு மிளகு தீர்ந்தது, இனி சிவப்பு மிளகு என்கிற மாதிரி பூடகம். கறுப்பு இந்தியன், சிவப்பு வெள்ளைக்காரன். (தணிக்கையாளருக்கும் புரிந்துவிட்டது. இல்லையென்றால் நமக்குக் கிடைத்திருக்காது.)

ஆகவே ராஜாவைப் புகழும் வரிகளை நான் தள்ளிவைத்துத்தான் படிக்கிறேன். துடைத்த பூட்ஸ், ஐந்து பிராங்க் போன்றவற்றால் அதிகாரிக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அங்கேதான் அந்தக் கிராமம் நிஜமாகத் தெரிகிறது. பிரைட்டன் ஆஸ்பத்திரியில் வேலிக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு இங்கிலாந்தின் வீடுகள் இப்படித் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

ஓமிசி கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கியிருக்கிறார். போரின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. குடியிருந்த கதை சிதறிவிடுகிறது. அதைப் பொறுக்கிச் சேர்ப்பது வாசகர் பாடு. இதைவிடப் பெரிய இழப்பு மொழி. எங்க தொண்டூர்ப் பாறையில் சமணப் படுக்கை வெட்டிய மோசியின் பெயர் அவர் காலத்துத் தமிழிலேயே, பிராமி எழுத்தில் நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சிப்பாய்கள் பேசியது நமக்கு ஆங்கிலத்தில்தான் மிச்சம்.

தமிழ்க் குரல் இதில் கேட்காததற்கும் காரணம் உண்டு. பிரிட்டிஷ் படை பிரான்சுக்கு அனுப்பியது பெரும்பாலும் வடநாட்டுக்காரர்களையும் கூர்க்காக்களையும். புதுச்சேரியிலிருந்து போனவர்கள் பிரெஞ்சுப் படையில் இருந்தார்கள். அவர்கள் கடிதம் இந்தத் தணிக்கை மேசைக்கு வரவே இல்லை. கடற்கரைச் சாலையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கு. அவர்கள் எந்த ஊரில், யார் வீட்டில் தங்கினார்கள் என்பதை அந்தக் கல் சொல்லாது.

செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரிப் பக்கம் 'சொல்தா' குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் 1914-18 காலத்துத் தபால் அட்டை ஒன்று கிடந்தால், இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்க. ஒரு வரி இருந்தாலும் போதும். நலம் விசாரித்திருந்தாலும் பரவாயில்லை.