முடிச்சிடும் கையும் அவிழ்க்கும் கையும்: காதல் நகைச்சுவைப் படங்களில் தற்செயல்

காக்கை அமர்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கை அமர்ந்ததனால்தான் பழம் விழுந்தது என்பர் சிலர். இரண்டும் ஒரே நொடியில் நிகழ்ந்தன, அவ்வளவே என்பர் வேறு சிலர். எவர் கூற்று உண்மையாயினும், விழுந்த பழத்தைக் குனிந்து எடுப்பதும் எடுக்காது போவதும் மரத்தடியில் நிற்பவனின் செயலாகும். முன்பின் அறியாத இருவரைத் தற்செயல் ஒன்றுசேர்க்கும் காதல் நகைச்சுவைப் படங்களை மதிப்பிடுவோர்க்கு இப்பழங்கதை நல்லதோர் அளவுகோலாகும்.

தொலைந்த பெட்டி, மாறிப்போன முகவரி, மழைக்கு ஒதுங்கிய திண்ணை, ஆள்மாறாட்டம் ஆகியவை இல்லாத காதல் நகைச்சுவைப் படங்கள் மிகச் சில. இவற்றைக் கண்டு கற்றோர் முகம் சுளிப்பதும், ஏனையோர் கைதட்டி மகிழ்வதும் வழக்கம். இரு சாராரும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. தற்செயல் கதையின் எந்த இடத்தில் நுழைகிறது? நுழைந்து யாருடைய வேலையைச் செய்கிறது? இவ்வினாவை முன்வைத்துச் சில படங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் காட்டும் நெறி

தற்செயலாற் பிறக்கும் காதல் தமிழுக்குப் புதிதன்று. மேலைநாட்டுப் படங்களிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கும் அன்று. தொல்காப்பியர் களவியலில் தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படுவதற்குக் காரணமாக உயர்ந்த பாலின் ஆணையைக் கூறுகிறார். பால் என்பது ஊழ். அம்முதற் கூட்டத்தை இயற்கைப் புணர்ச்சி என்றும், தெய்வப் புணர்ச்சி என்றும் இலக்கண நூலார் பெயரிட்டனர். குறுந்தொகையின் 40ஆம் பாடலும் யாதோர் உறவும் இல்லாத இருவரின் நெஞ்சங்கள் கலந்த வியப்பையே பொருளாகக் கொண்டது. அதைப் பாடியவர் தம் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார்.

ஆயினும், இலக்கண நூலார் ஊழுக்கு அளித்த இடம் அம்முதற் சந்திப்பு மட்டுமே என்பது நோக்கத்தக்கது. அடுத்து வருவது இடந்தலைப்பாடு. முதல்நாள் கண்ட இடத்திற்குத் தலைவன் மறுநாள் தானே தேடிச் செல்கிறான். அதன்பின் பாங்கற் கூட்டம். தோழனின் துணையை நாடுகிறான். பின்னர்த் தோழியின் துணை. ஒவ்வொரு படியிலும் ஊழின் பங்கு குறைந்து, மாந்தரின் விருப்பமும் முயற்சியும் மிகுகின்றன. ஊழ் கூட்டும்; கூடியதைக் காப்பவர் மாந்தர். இதுவே அகத்திணை மரபு தரும் நெறி.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ்தல் வேண்டும், பொறியின் வழியே மேடையில் இறங்கும் தெய்வத்தால் அவிழ்தல் கூடாது என்றார். அவர் துன்பியல் நாடகத்தைப் பற்றிக் கூறினும், அவ்விதி இன்பியலுக்கும் பொருந்தும். தமிழ் மரபும் கிரேக்க மரபும் இங்கே ஒத்த கருத்தினவாகின்றன. தற்செயல் முடிச்சிடலாம், அதை அவிழ்க்கும் கை மாந்தருடையதாக இருத்தல் வேண்டும்.

கடல்வழி வந்தோரும் தற்செயலும்

இத்தகைய கதைகள் பினாங்குத் தமிழரின் நெஞ்சைத் தொடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் 1973 வரை தமிழகக் கரைக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கும் இடையே மக்களை ஏற்றி வந்தது. மேல்தளத்தில் யாருக்கு அருகே யாருடைய பாய் விரிக்கப்பட்டது என்பது முற்றிலும் தற்செயல். தீவுக்குள் தொலைதூரப் புகைவண்டி வாராத நிலையில், ஜார்ஜ்டவுன் கடற்கரையிலுள்ள மணிக்கூண்டுக் கட்டடத்தில் பயணச்சீட்டுப் பெற்று, படகேறி அக்கரை சென்று வண்டி பிடித்த காலமும் இருந்தது. கப்பலிலும் படகிலும் வண்டியிலும் அறிமுகமில்லாதவர் அருகருகே அமர்ந்தனர். அண்ணன் என்றும் அக்காள் என்றும் அழைக்கத் தொடங்கியபின்னரே அவர்கள் உறவினர் ஆயினர். அருகே அமர்த்தியது தற்செயல், அழைத்தது மனம்.

ஆதலின், தற்செயலை நம்பும் இவ்வூர் மக்களை ஏமாளிகள் எனத் தள்ளிவிடல் முறையன்று. அவர்களின் மூதாதையர் வரலாற்றிலேயே தற்செயலுக்கு இடமுண்டு. தற்செயல் நிகழ்கிறது என்பதை அவர்கள் அறிவர். அதன்பின் மாந்தர் செய்ய வேண்டியவற்றையும் தற்செயலே செய்து முடிக்கும் என்று படம் சொல்லும்போதுதான் தடுத்துக் கேட்க வேண்டியுள்ளது.

பெயர் மாறித் தீர்ந்த சிக்கல்

1955இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ ஆசிரியர்கள் மறவாத படம். எல். வி. பிரசாத் இயக்கிய இப்படம் வங்கக் கதை ஒன்றைத் தழுவியது. ஊர்ப் பெரியவர் ஒருவர், தொலைந்துபோன தம் மூத்த மகள் மகாலட்சுமியின் நினைவாகப் பள்ளி நடத்துகிறார். பட்டம் பெற்ற கணவன் மனைவியர் ஆசிரியப் பணிக்குத் தேவை என விளம்பரம் செய்கிறார். வேலையில்லாத இந்து இளைஞன் பாலுவும், கடன் தொல்லையால் வாடும் கிறித்தவப் பெண் மேரியும் கணவன் மனைவியராக நடித்து அப்பணியில் சேர்கின்றனர். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இவ்வேடங்களை ஏற்றனர்.

இப்படத்தின் முதற் பாதியில் தற்செயல் தன் எல்லையை மீறவில்லை. வறுமையும் விளம்பரமும் இருவரை ஒரே வீட்டிற்குள் தள்ளுகின்றன. அங்கே பிறக்கும் ஊடலும் சினமும் பொறாமையும் பரிவும் அவரவர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன. சிரிப்பும் அவ்வாறே. தன் சமயத்தை விட்டுக்கொடாத மேரியின் உறுதியைப் படம் எள்ளி நகையாடவில்லை என்பது பாராட்டத்தக்கது.

இறுதியில், மேரியே தொலைந்துபோன மகாலட்சுமி என்பது வெளிப்படுகிறது. தன் நினைவாக எழுந்த பள்ளிக்கே ஒருத்தி ஆசிரியையாக வந்து சேர்வது நெஞ்சை நெகிழ்விக்கும் தற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அது பெற்றோரிடம் மகளைச் சேர்ப்பதோடு நிற்கவில்லை. காதலர் இடையே நின்ற சமய வேறுபாட்டையும் துடைத்து விடுகிறது. மேரி மேரியாகவே இருந்திருந்தால் பாலு என் செய்திருப்பான்? ஊர்ப் பெரியவர் என் சொல்லியிருப்பார்? மேரியை வளர்த்த தந்தையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய கடமையிலிருந்து அனைவரையும் தற்செயல் விடுவித்து விட்டது. சிக்கல் தீர்ந்தது, தீர்த்தவர் எவருமிலர். நகைச்சுவையில் நிகரற்ற இப்படத்தின் ஒரே குறை இது எனலாம்.

1964 தந்த இரு படங்கள்

ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வெளிவந்தது. எஸ்டேட் உரிமையாளர் விசுவநாதனாக டி. எஸ். பாலையாவும், படம் எடுக்கத் துடிக்கும் அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். விசுவநாதனின் மகளை மணக்க விரும்பும் அசோக், தன்னைச் செல்வர் மகன் எனக் காட்டிக்கொள்ளத் தன் நண்பன் வாசுவுக்கு முதியவர் வேடமிட்டுத் தந்தையாக்குகிறான். வந்து பார்த்தால், வாசுவின் காதலி காஞ்சனாவும் அதே விசுவநாதனின் மகள்! தன் காதலியின் வீட்டில் கிழவனாக நடமாட வேண்டிய நிலை வாசுவுக்கு.

இங்கே தற்செயல் காதலருக்கு உதவவில்லை, இடையூறு செய்கிறது. இதுவே நகைச்சுவையின் உயிர்நிலை. பொய் சொன்னவர் அப்பொய்யின் விளைவை நேரில் சந்திக்கும்படி தற்செயல் செய்து விடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க அவர்கள் மேலும் நடிக்க வேண்டும். மேலும் அறிவைத் தீட்ட வேண்டும். செல்வத்திற்கு வளையும் விசுவநாதனின் பேராசையும் அவ்வழியே வெளிச்சத்திற்கு வருகிறது. தற்செயல் தடையை நீக்காமல் தடையை வளர்க்கும்போது மாந்தரின் குணம் வெளிப்படுகிறது என்பதற்கு இப்படம் தக்க சான்று.

அதே 1964இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி இயக்கி நடித்த ‘மடு தீகா’ என்னும் மலாய்ப் படமும் வெளிவந்தது. ஒருவன் மூவரை மணந்து, ஒருத்தியை மற்றவள் அறியாமல் மறைத்து வாழ்கிறான். ஒருவரையொருவர் அறியாத அம்மூவரும் தற்செயலாகத் தோழியர் ஆகின்றனர்! மறைத்தவன் படும் பாட்டில்தான் சிரிப்பு பிறக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே ஆண்டில் எடுக்கப்பட்ட இவ்விரு படங்களும் ஒரே உண்மையைத் தெரிந்து வைத்திருந்தன. தற்செயல், பொய்யனுக்குத் துணையாக நிற்பதைவிடப் பொய்யனைத் துரத்தும்போது சுவை மிகுகிறது.

தொலைந்த சான்றிதழ்

அகத்தியன் இயக்கத்தில் 1996இல் வெளிவந்த ‘காதல் கோட்டை’, சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை, சிறந்த தமிழ்ப்படம் ஆகியவற்றிற்கான இந்திய அரசின் தேசிய விருதுகளைப் பெற்றது. உதகையைச் சேர்ந்த கமலி, பயணத்தின்போது தன் சான்றிதழ்களை இழக்கிறாள். அவை சூர்யா என்னும் இளைஞன் கையில் கிடைக்கின்றன. ஜெய்ப்பூரில் வாழும் அவன் அவற்றை அஞ்சலில் அவளுக்கு அனுப்பி வைக்கிறான். நன்றிக் கடிதம் நட்பாகிறது. நட்பு, முகம் காணாக் காதலாகிறது.

கிடைத்தது தற்செயல், அனுப்பி வைத்தது பண்பு. ஏழைப் பிள்ளைக்குச் சான்றிதழ் என்பது வெறுங்காகிதம் அன்று என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். பிறர் பொருளை உரியவரிடம் சேர்க்கும் ஒருவனது நேர்மையே இக்காதலின் வித்து. மரத்தடியில் விழுந்த பழத்தை எடுத்தவன், அதன் உரிமையாளரைத் தேடிச் சென்று கொடுத்தான் எனலாம்.

பின்னர்ச் சென்னையில் சூர்யா ஆட்டோ ஓட்டுகிறான். கமலி அவ்வண்டியிலேயே ஏறிச் செல்கிறாள். ஆனால் ஒருவரையொருவர் அறியவில்லை. தற்செயல் மீண்டும் மீண்டும் அவர்களை அருகில் கொணர்ந்தும், சேர்க்க இயலவில்லை. இறுதியில் புகைவண்டி நிலையத்தில் அவளுக்கு அவனைக் காட்டிக் கொடுப்பது, அவளே ஆக்கி அனுப்பிய ஆடை. அந்நொடியில் அவ்வாடை கண்ணில் பட்டது தற்செயல்தான். ஆயினும், அதை உருவாக்கியது அவள் கை; அதை விடாது அணிந்தது அவன் அன்பு. முடிச்சை அவிழ்க்கத் தேவையான நூலைக் காதலர் இருவருமே முன்பே ஆயத்தம் செய்து வைத்திருந்தனர்.

அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940இல் இயக்கிய படம் ஒன்று இங்கே ஒப்புநோக்கத்தக்கது. புடாபெஸ்ட் நகரில் ஒரே கடையில் வேலை செய்யும் இருவர் நேரில் ஓயாது சண்டையிடுகின்றனர். பெயர் அறியாமல் எழுதும் கடிதங்களிலோ ஒருவரையொருவர் நேசிக்கின்றனர். அப்படத்திலும் தற்செயல் தொடங்கி வைக்கிறது. உண்மையை முதலில் அறிந்துகொண்ட ஆடவன், அவள் மனம் கனியும் வரை பொறுமையோடு காத்திருப்பதே கதையை நிறைவு செய்கிறது. நாடும் மொழியும் வேறாயினும் நல்ல கதையின் நெறி ஒன்றே.

மாணவர்க்கு எது பாடம்?

சிரிக்க வந்தவரிடம் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என வினவுவோர் உண்டு. துன்பியலுக்குத்தான் காரண காரியம் தேவை, இன்பியலுக்கு இனிமை போதும் என்பது அவர் வாதம். இவ்வாதம் பாதி உண்மையே. தொடக்கத்தில் எத்தனை தற்செயல் நிகழ்ந்தாலும் சுவைஞர் ஏற்றுக்கொள்வர், ஏற்கவும் வேண்டும். இறுதியில் நிகழும் தற்செயலோ சிரிப்போடு ஒரு கருத்தையும் ஊட்டி விடுகிறது. ஏழைக் காதலன் செல்வர் மகன் என்று கடைசிச் சுருளில் தெரிய வருகிறது. வேற்றுச் சமயத்தவள் தம் சமயத்தவளே என்று தெளிவாகிறது. வேற்றுக் குலத்தான் தம் குலத்தானே என்று மச்சமொன்று சான்று கூறுகிறது. இம்முடிவுகளில் காதல் வென்றதாகத் தோன்றும். உண்மையில் வென்றது தடை. தடை நியாயமானது என்றும், காதலர் அதற்கு உட்பட்டவர் ஆகிவிட்டனர் என்றும் கதை ஒப்புக்கொள்கிறது. ஒருவர் மனமும் மாறவில்லை.

தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே படகில் கடல் கடந்த ஊரில் பயிலும் மாணவன், வேறுபாட்டைப் பிறப்பு இரகசியம் ஒன்றுதான் தீர்க்கும் எனக் கற்றுக்கொள்ளல் ஆகாது. வேறுபட்டவரை வேறுபட்டவராகவே ஏற்கும் மனம் வேண்டும். அம்மனம் எவ்வாறு வளர்கிறது எனக் காட்டும் கதையே அவனுக்குப் பயன்படும்.

கடிதம் கைபேசிக்கு இடம் விட்டு விலகிய இந்நாளில், முகம் அறியாக் காதலைப் புகைப்படம் ஒன்று முடித்து வைத்துவிடும். தெரியாமையை நம்பிக் கதை நடத்தும் வாய்ப்புச் சுருங்கி விட்டது. இதனால் இவ்வகைப் படங்களுக்கு நட்டமில்லை. முதற் சந்திப்புக்கு இன்றும் தற்செயல் போதும். அதன்பின் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் மாந்தரின் குணமே முதலாக வேண்டும் என்ற கட்டாயம் கூடியிருக்கிறது.

எனவே, வகுப்பறையில் ஒரு கதையையோ படத்தையோ ஆராயும் ஆசிரியர், தற்செயல் நிகழ்ந்ததா என்று கேட்டு நிறுத்திவிடுதல் வேண்டா. அதை நீக்கிவிட்டால் மாந்தர் என் செய்திருப்பர் என்று கேட்கச் செய்தல் வேண்டும். அதற்கு விடை சொல்லும் படம் பலமுறை காணத்தக்கது. விடை சொல்ல இயலாத படத்தைக் கண்டு சிரிக்கலாம். சிரித்தபின் அவ்விடையைத் தேடும் பொறுப்பு மாணவர்க்கே உரியது.