மிதித்து நிற்கிறவன்

இந்த சீசனில் அந்தப் பையனைத் திட்டாத ஆளே இல்லை. நாமக்கல், சேலம் பக்கத்து டர்ஃப் லீக்குகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். கொல்லிமலையில் அரியூர் நாட்டிலிருந்து இறங்கி வந்து, ஐவர் அணியில் கடைசி ஆளாக நிற்பவன். பந்து வந்ததும் உள்ளங்காலை அதன்மேல் வைத்து நிறுத்திவிடுவான். உடனே வலைக்கு வெளியிலிருந்து, "அடிச்சுத் தொலைடா!" என்று சத்தம் கிளம்பும். பயந்தாங்கொள்ளி என்கிறார்கள், சோம்பேறி என்கிறார்கள், சீன் போடுகிறான் என்கிறார்கள். ஃபுட்சாலை ஃபுட்சாலாக ஆடியவன் இந்த லீக்கில் அவன் ஒருவன்தான் என்பது என் கட்சி.

அவன் பந்தைப் பார்ப்பதில்லை, கவனித்தீர்களா? எதிரே வருகிறவனின் காலைத்தான் பார்க்கிறான். வருகிறவன் முன்காலை அழுத்தி ஊன்றும் வரை பந்து நகராது. ஊன்றிவிட்டான் என்றால் அந்தக் காலை எடுத்துத் திரும்ப அவனுக்கு அரை நொடியாவது வேண்டும். அந்த அரை நொடியில் பந்து அவனைத் தாண்டி, ஓரத்தில் ஓடுகிறவனிடம் போய்விடும். எதிராளி வராமலே நின்றால்? உள்ளங்காலால் பந்தைப் பக்கவாட்டில் ஒரு சாண் உருட்டுவான். பாஸ் போகும் கோணம் மாறும். நின்றவன் இப்போது நகர்ந்தே ஆக வேண்டும். மிதித்து நிற்பதே அவன் போடும் தூண்டில்.

கூட்டம் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவதுதான் எனக்கு எரிச்சல். நாலு நொடிக் கணக்கு கிக்-இன், கார்னர், ஃப்ரீ கிக் எடுப்பவனுக்கும், சொந்தப் பாதியில் பந்தை வைத்திருக்கும் கோல்கீப்பருக்கும் உண்டு. ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பந்தை மிதித்து நிற்பவனுக்கு எந்தக் கெடுவும் இல்லை. நடுவருக்கே சில இரவுகளில் இது குழம்பிவிட்டது என்பது வேறு கதை.

1930-இல் மான்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி ஒய்.எம்.சி.ஏ. பிள்ளைகளுக்காக இந்த ஆட்டத்தை வகுத்தபோது கூடைப்பந்துக் களத்துக்குத்தான் வகுத்தார். இன்று ஃபுட்சாலுக்கு வழக்கமான களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இந்த இடத்துக்குள் ஓடி ஜெயிக்க முடியாது, எதிராளியை இழுத்துத்தான் ஜெயிக்க வேண்டும். பந்தையும் அதற்கேற்ப அடக்கி வைத்திருக்கிறார்கள்: 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளக் கூடாது. நம் டர்ஃப்களில் பாதிப் பேர் பெரிய மைதானப் பந்தை எடுத்து வருகிறார்கள். பக்கவாட்டு வலையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும் என்று வேறு ஒரு விதி. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பவனுக்கு வலையே பாஸ் கொடுக்கும். பிறகு, மிதித்து நிற்பவன் முட்டாளாகத்தானே தெரிவான்?

2016-இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சால் நடந்தபோது வெளிநாட்டு நட்சத்திரங்கள் இதே உள்ளங்கால் வித்தையைக் காட்டினார்கள். நாம் எழுந்து நின்று கைதட்டினோம். மலையிலிருந்து வந்த பையன் செய்தால் மட்டும் சோம்பல்!

மேட்டிலும் சரிவிலும் ஆடிப் பழகியவனிடம் பந்து நழுவினால் வயல் வரப்பெல்லாம் தாண்டி இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். நிறுத்தும் பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். பயிற்சியாளர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த சீசனில் என்ன நடக்கும்? முதல் மூன்று ஆட்டத்துக்குள் எதிரணிகள் அவன்மேல் இரண்டு பேரை ஏவும். சில பந்துகளை இழப்பான், அதில் ஒன்றாவது கோலாகும். அப்போது அவன் அணிக்கு இருக்கும் ஒரே வழி கோல்கீப்பரை நடுக்கோட்டைத் தாண்டி ஏற்றுவது. கீப்பர் ஒருமுறை பந்தை விட்டபின், எதிரணி தொடாமல் சொந்தப் பாதியில் மறுபடி வாங்க முடியாது. எதிர்ப்பாதிக்குப் போய்விட்டால் தடை இல்லை. அங்கே ஐந்து பேர் தாக்க, நாலு பேர்தான் தடுக்க வேண்டியிருக்கும். இதைத் துணிந்து செய்யும் முதல் உள்ளூர் அணி அரையிறுதிக்குப் போகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அணியே 2023-இல்தான் முதன்முதலாக ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போனது. கடைசி ஆளாக நிதானமாக நிற்கத் தெரிந்தவர்களை நாடே தேடிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலையின் ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழாவுக்குள் அங்குள்ள செம்மேட்டுச் சிறுவர்களும் பந்தை மிதித்து நிற்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஒரே பயம்தான். சொந்த அணிக்காரர்களே நச்சரித்து அவனை அடிக்க வைத்துவிடலாம். அப்படி நடந்தால் அந்த அணி பட்டியலில் கீழ்ப்பாதியில்தான் முடிக்கும், அதற்கும் அவனைத்தான் திட்டுவார்கள்.