புழுவும் அந்தும்: மூரின் இலங்கை ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

பிரெடெரிக் மூர் எழுதிய 'த லெப்பிடொப்டெரா ஒவ் சிலோன்' 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் விவரிக்கும் இந்நூலில், கையால் வண்ணந்தீட்டிய 215 படத்தாள்கள் உள்ளன. வகைப்பாட்டு நூலென்ற அளவிலேயே இது பெரிதும் மதிக்கப்பட்டு வந்துள்ளது. ஓவிய நூலாக இதனை நோக்கின் வேறோர் உண்மை புலப்படும் என்பது எமது கருத்து.

இவ்வோவியங்களின் மூலங்கள் பேராதனையில் உருவானவை. 1849இல் தாவரவியற் பூங்காவின் பொறுப்பேற்ற த்வெயிட்ஸ் அவர்களின் மேற்பார்வையில், பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸின் மைந்தர்களான வில்லியமும் ஜோர்ஜும் அவற்றை வரைந்தனர். அந்தினைக் காட்டுவதோடு அமையாது, அதன் புழுவையும் கூட்டுப்புழுவையும் உணவுச் செடியையும் பல தாள்களில் ஒருங்கே காட்டினர்.

இத்தாள்களைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு முரணைக் காண்பர். புழு இலையைப் பற்றி ஊர்கிறது. அந்தோ சிறகு விரித்து, ஊசியில் குத்தியது போல வெளியில் மிதக்கிறது. ஓய்ந்திருக்கும் அந்து பெரும்பாலும் சிறகை அவ்வாறு விரிப்பதில்லை. இம்முரணுக்குக் காரணம் உண்டு. உலர்ந்த அந்தின் நிறம் நெடுநாள் நிற்கும். இறந்த புழுவின் நிறமோ விரைவில் மங்கிவிடும். ஆகவே அந்தினை இலண்டன் பேழையிலிருந்தும் வரையலாம். புழுவை இங்கேயே இலையூட்டி வளர்த்து, உயிரோடிருக்கையிலேயே வரைதல் வேண்டும். நூலின் முகப்பில் மூரின் பெயர் நிற்கிறது. ஆயினும் நூலில் உயிருள்ள பகுதி டி அல்விஸ் சகோதரரின் கண்ணுக்கும் கைக்கும் உரியது.

இந்நூல் உருவான காலத்திலேதான், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, ஹற்றன், நுவரெலியா மலைச்சரிவுகளில் தேயிலை பரவியது. தேயிலையை உண்ணும் புழுக்களுள் லிமக்கோடிடே குடும்பத்தைச் சேர்ந்தவையும் உள. அவற்றின் முட்கள் தோலிற் பட்டால் கடுமையாக எரியும். கொழுந்தெடுக்கும் பெண் அப்புழுவை அறிந்தது விரல்களால். அதன் அந்தினை அவள் அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. படத்தாளில் ஓரத்தே இருக்கும் புழுவே அவளது வாழ்க்கையில் நடுவே இருப்பது.

மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட சூரினாம் பூச்சிகள் பற்றிய நூலில், உணவுச் செடியோடு பூச்சியின் பருவங்களைத் தீட்டியதோடு, அடிமைப் பெண்கள் தமக்குக் கூறிய செடிப் பயனையும் பதிந்தார். உழைப்போரின் அறிவு அறிவியல் நூலிற் புகவியலாத ஒன்றன்று என்பதற்கு இதுவே சான்று. வகைப்பாட்டை நோக்கமாகக் கொண்ட மூரிடம் அதனைக் காணாமைக்காக அவரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் அப்பணியை இன்றும் நாம் செய்யாதிருப்போமாயின் குறை எமதேயாகும்.

இப்படத்தாள்களின் படிகளை லயங்களுக்குக் கொண்டு சென்று, முதிய தொழிலாளர் முன் விரித்து, ஒவ்வொரு புழுவுக்கும் அவர்கள் வழங்கும் பெயரையும் கைமருந்தையும் கேட்டெழுதுதல் வேண்டும். நிறம் தாளிலே காக்கப்பட்டுவிட்டது. சொல் இன்னும் வாயிலேயே இருக்கிறது. புழுவின் நிறத்தைப் போலவே அதுவும் உயிரோடிருக்கையில் மட்டுமே பதியத்தக்கது.