உட்கார்ந்து பார்க்கிற சுவர்

எங்கள் கூடத்தில் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் படுபவர் தியாகராஜர். பக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதர், அடுத்து சியாமா சாஸ்திரிகள். எஸ். ராஜம் வரைந்த ஓவியங்களின் அச்சுப் பிரதிகள்தான். ஆனாலும் காலையில் காபி டம்ளரோடு அவற்றின் முன்னால் நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாக இந்த வீட்டில் எனக்கு வேறு எதுவும் இல்லை.

ராஜத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவே முடியாது. 1919-இல் பிறந்து 2010 வரை வாழ்ந்தவர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமராக நடித்தவர். கோடீஸ்வர ஐயரின் மேளகர்த்தா கீர்த்தனைகளை, பலரும் தொடத் தயங்கிய விவாதி ராகங்களையும் சேர்த்து, ஆசை ஆசையாகப் பாடியவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, அஜந்தாவையும் சித்தன்னவாசலையும் குருவாக வரித்துக்கொண்டவர். பாடத் தெரிந்த கை வரைந்த படம் என்பது பார்த்தாலே தெரிகிறது. தியாகராஜர் கையிலுள்ள தம்புராவைப் பாருங்கள், சுருதி சேர்த்து முடித்த பிறகுதான் ராஜம் தூரிகையையே எடுத்திருப்பார் என்று தோன்றும்! மும்மூர்த்திகள் என்றதும் இன்று நம் மனசில் வந்து நிற்கும் முகங்கள் பெரும்பாலும் அவர் தந்தவைதான்.

முதலில் இந்தப் படங்களை, நிற்கிறவர் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தோம். எல்லோரும் அப்படித்தானே மாட்டுகிறார்கள். ஆனால் என்னவோ ஒட்டவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அம்மா பாயை விரித்து, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “ஏம்மா, நாம உட்கார்ந்துதானே பாடுறோம்? அவங்களை எதுக்கு அவ்வளவு உசரத்துல நிறுத்தி வச்சிருக்கே?” என்றார்.

அன்றைக்கே ஆணிகளைப் பிடுங்கி, ஒன்றரை அடி இறக்கி மாட்டினோம். அடடா, கூடமே மாறிப்போனது! தரையில் உட்கார்ந்தால் அந்த மூவரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா தோடியைத் தொடங்கினால் கேட்க ஆள் இருக்கிறது. நம் சங்கீதம் தரையில் சம்மணமிட்டு வளர்ந்தது. அதன் படங்களுக்கும் அந்த உயரம்தான் பொருந்தும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்ச் சுவரில் இருப்பது என் உயிர். குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மூன்றடி அகலத்தில். சித்தன்னவாசல் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கப் புதுக்கோட்டைப் பக்கம் போனபோது, அப்படியே அங்கேயும் போனோம். குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வரி வரியாகச் சுரங்கள், நாலு நாலாகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டு வேலை. அரசன் கொடுத்த நிலமோ வென்ற போரோ அதில் கிடையாது. அந்தப் பாறை முழுக்கச் சங்கீதம்! வெயிலில் நின்று பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினோம். எழுத்து புரியாதவர்கள்கூடக் கிட்டே போய் விரலை வைக்காமல் திரும்புவதில்லை.

ஊஞ்சலுக்கு மேலே மாமா விட்டுப்போன எல்பி இசைத்தட்டு உறைகள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய, 1963-இல் வந்த வேங்கடேச சுப்ரபாதம் அதில் ஒன்று. இன்னொன்று இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் (Bach) அவர் சமர்ப்பித்த இசை அது. அதனால்தான் ராஜத்தின் தியாகராஜர் கண் படுகிற இடத்தில் அதை வைத்தேன். உறைகளுக்குப் பசை தடவவே கூடாது. நாலு மூலைக்கும் காகிதப் பை மடித்துச் செருகி, கண்ணாடிச் சட்டம் போட்டால் போதும், வேண்டும்போது எடுத்துவிடலாம். நேர் வெயில் படுகிற சுவரும் ஓதம் ஏறுகிற சுவரும் ஆகாது. மழைக்காலத்துக்காகச் சட்டத்தின் பின்னால் நாலு தக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். காற்று புகுந்து வந்தால் பூஞ்சை அண்டாது.

வாத்தியங்களையே சுவரில் மாட்டலாமே என்று கேட்கிறார்கள். வாசிக்கக்கூடிய வீணையை ஆணியில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. அது மடியில் இருக்க வேண்டியது.

வாசல் நிலைக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது நாகஸ்வரத்துக்கு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள், 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, வயசேறிய ஆச்சா மரத்தைத்தான் அவர்கள் தேடி வாங்குகிறார்கள். யாரோ ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே உத்தரமாகக் கிடந்த மரம் கல்யாண வாசலில் நின்று ஊதுகிறது! தை பிறந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு அங்கே போகப்போகிறேன். அந்த மரத்தைக் கடைகிற கைகளை மட்டும் படமெடுத்து வரவேண்டும். சட்டத்தின் அளவுகூடக் குறித்து வைத்துவிட்டேன்.